பொய்ச் செய்தியும் போலி மருந்தும்: பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக் கொடுப்பது?

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரம். திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு வட நாட்டுத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஹோலிப் பண்டிகைக்காக ஊர் போகிறவர்களும் அதில் உண்டு. உயிருக்குப் பயந்து புறப்பட்டவர்களும் உண்டு. "தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள், அடித்துக் கொல்லுகிறார்கள்" என்று அவர்களுடைய செல்போன்களுக்கு வீடியோக்கள் வந்து குவிந்தன. ஊரிலிருந்து பெற்றோர்கள் போன் போட்டு, "கூலி போனால் போகட்டும், உடனே வந்து சேர்" என்று அழுதார்கள். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன.

உண்மையில் நடந்தது என்ன? அந்த வீடியோக்களைப் பற்றித் தமிழகப் போலீஸ் தலைவரே அப்போது விளக்கம் சொன்னார். ஒன்று, பீகார் தொழிலாளர்களில் இரண்டு கோஷ்டியினர் தங்களுக்குள் அடித்துக் கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. படம் பொய்யல்ல; படத்துக்குக் கீழே எழுதிய வாசகம்தான் பொய்! பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் வந்து தொழிலாளர்களைக் கண்டு விசாரித்துத் திரும்பினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் மீது இரண்டு மாநிலங்களிலும் வழக்குப் போட்டார்கள். எல்லாம் சரி. விட்டுப்போன கூலியை யார் கொடுத்தார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை. ஒரே லயனில் குடியிருந்து ஒரே ஷிப்டில் வேலை செய்கிற தமிழ்த் தொழிலாளியும் பீகார் தொழிலாளியும் சில நாட்களாவது ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்களே, அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இது முதல் தடவையும் அல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை ஜில்லா போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றிக் கொண்டிருந்தது. கூட்டம் கூடிற்று. அடித்தே கொன்று விட்டார்கள். அடித்தவர்கள் யார்? கொள்ளைக்காரர்களா? இல்லை. நம்மைப் போன்ற பெற்றோர்கள்தான். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கொண்டு ஒரு பாட்டியைக் கொன்றார்கள்.

"படிப்பில்லாத ஜனங்கள், அதனால் ஏமாறுகிறார்கள்" என்று நகரத்துக் கனவான்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வதந்தியை அனுப்புகிறவர்களில் பட்டதாரிகள் இல்லையா? கம்பெனி மானேஜர்கள் இல்லையா? எழுதப் படிக்கத் தெரிவது வேறு, வந்த செய்தியை நிறுத்துப் பார்க்கத் தெரிவது வேறு. இந்த இரண்டாவது வித்தை நம்முடைய பள்ளிக்கூடங்களில் பாடமாக இருந்ததே இல்லை. நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். "அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார்" என்று எழுதி மார்க்கு வாங்கியவன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மரம் நட்டது நமக்கு எப்படித் தெரியும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அவர் வெட்டி வைத்த கல்வெட்டிலேயே அது இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் நாற்பது பிள்ளைகளுக்கு அன்றைக்கே வந்திருக்கும்.

பீகார் கிராமங்களில் நடந்த சோதனை

எந்த பீகாரிகளைப் பற்றி அந்த வதந்தி கிளம்பிற்றோ, அதே பீகாரில் இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது நமக்கு மிகவும் வேண்டிய விவரம்.

முதலில் நடந்தது 2019 லோக்சபா தேர்தல் சமயத்தில். கயா பிரதேசத்தில் சுமிதிரா பத்ரிநாதன் என்ற ஆராய்ச்சியாளர் 1,224 பேரை எடுத்துக் கொண்டு, ஒரு பகுதியினருடைய வீட்டுக்கே ஆள் அனுப்பி, சுமார் ஒரு மணி நேரம் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சோதித்துப் பார்த்தால், மொத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை! பாடம் கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தோல்வியை மூடி மறைக்காமல் அவர் அப்படியே எழுதி வெளியிட்டார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

சில வருஷங்கள் கழித்து அவரும் இன்னும் சில ஆராய்ச்சியாளர்களும் வேறு வழியில் இறங்கினார்கள். இந்தத் தடவை பெரியவர்களை விட்டுவிட்டுப் பள்ளி மாணவர்களிடம் போனார்கள். பீகார் அரசாங்கத்தின் 'ஜீவிகா' என்ற கிராம வாழ்வாதார ஸ்தாபனத்தோடு சேர்ந்து, 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்தார்கள். வகுப்புகள் நடந்தது கிராம நூலகங்களில். சீட்டுக் குலுக்கிப் போட்டதைப் போலக் கிராமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் செய்தியையும் வைத்தியத் தகவலையும் எடை போடும் பாடம். மறு பாதிக்கு இங்கிலீஷ் பாடம். சுமார் 14 வார காலத்தில் பல வகுப்புகள் நடத்தினார்கள். வாத்தியார் நின்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள்.

பலன் தெரிந்தது. பாடம் கேட்ட பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரிப்பதில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நோய் வந்தால் எதை நம்புவது என்பதிலும் அவர்களுடைய அபிப்பிராயம் மாறியிருந்தது. நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பலன் அழியவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் உடல்நலம் பற்றிய செய்திகளை. ஆனால் அரசியல் செய்திகளையும் அவர்கள் முன்னைவிடச் சரியாக எடைபோட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, வகுப்புக்கே வராத அவர்களுடைய பெற்றோர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது! பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறது. தாய் தகப்பன் கேட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரப் போதனை பலிக்கவில்லை. வாரக் கணக்கில் நடந்த வகுப்பு பலித்தது. நம் ஊரில் நடப்பது எது? "விழிப்புணர்வு முகாம்"! ஒரு பிளக்ஸ் பானர், ஒரு மைக் செட், மாணவர்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து ஓர் அதிகாரியின் பிரசங்கம், உறுதிமொழி, போட்டோ. அதோடு சரி. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். பிள்ளையின் தலையில் ஒன்றும் ஏறியிருக்காது. கணக்குப் பாடத்தை ஆண்டுக்கு ஒருநாள் முகாம் போட்டு நடத்தச் சம்மதிப்போமா? கூட்டல் கழித்தலுக்கு வருஷக் கணக்கில் நேரம் ஒதுக்குகிறோம். உயிரைக் காக்கிற இந்தப் பாடத்துக்கும் டைம் டேபிளில் வாரம் ஒரு பீரியட் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

"வேர் கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?"

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? "வாட்ஸ்அப்பை நம்பாதே" என்று சொன்னால் போதாது. எப்படி யோசிப்பது என்று காட்ட வேண்டும். அதற்கு நம் வயற்காட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

நாகை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளர்களோடு பேசிக் கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, எங்க ஊர் வைத்தியர் பாம்புக்கடிக்கு ஒரு வேர் கொடுப்பாரு. நூறு பேரையாவது காப்பாத்தியிருப்பாரு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கங்கிறீங்க!"

"சரிங்க பெரியவரே, அந்த நூறு பேரையும் எந்தப் பாம்பு கடிச்சது?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? இருட்டில கடிச்சது, வரப்பில கடிச்சது..."

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டிலுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பு கடித்தாலும்கூடச் சில சமயம் அது விஷத்தை உள்ளே இறக்குவதில்லை. சாரைப்பாம்போ தண்ணீர்ப்பாம்போ கடித்தவனுக்கு வேர் கொடுத்தாலும் பிழைப்பான், வெறும் வெந்நீர் கொடுத்தாலும் பிழைப்பான். பெயர் வேருக்குப் போய்ச் சேரும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷத்தை ஏற்றிவிட்டாலோ கதையே வேறு. அப்போது மணி நேரம்தான் உயிர். விஷமுறிவு ஊசிதான் வைத்தியம். அப்படி வந்து இறந்தவனைப் பற்றி "அவன் விதி முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். பிழைத்தவன் வைத்தியரின் கணக்கில். செத்தவன் விதியின் கணக்கில்! இப்படிக் கணக்கு எழுதினால் எந்த வைத்தியர்தான் தோற்பார்?

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இதில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இந்த விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? 1978ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்! நம் மண்ணின் அனுபவ ஞானமும் விஞ்ஞானமும் அங்கே கை கோத்து நிற்கின்றன. பழைய அறிவையெல்லாம் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. சோதித்து எடுத்துக்கொள் என்றுதான் சொல்லுகிறேன்.

மஞ்சள் காமாலையும் இப்படித்தான். கெட்ட தண்ணீரால் பரவுகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்து விடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி தின்றவனும் குணமாவான், தின்னாதவனும் குணமாவான். ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் நின்று நாற்று நடுகிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதைக் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லியோடு காத்திருந்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆகவே பிள்ளைக்கு முதலில் கற்றுக் கொடுக்க வேண்டிய கேள்வி இதுதான்: "இதைச் செய்யாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?"

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் இந்தக் கேள்வியையே ஒரு படக்கதைப் புத்தகமாக்கி 2016ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். சூடுபட்ட புண்ணுக்கு மாட்டுச்சாணம் பூசுவது நல்லதா என்பது போன்ற, அந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற விஷயங்கள்தான் பாடம். 120 பள்ளிகள், பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள். கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பாடம் நடத்திய பள்ளிகளில் 100க்கு 69 பேர் தேறினார்கள். நடத்தாத பள்ளிகளில் 27 பேர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்! "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஒப்பிட்டுப் பார்க்கிற வித்தை புதிதும் அல்ல. 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடியாக்கினார். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், இப்படி ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். பழம் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். சாப்பாடு, இருப்பிடம் எல்லாருக்கும் ஒன்று. மருந்து மட்டும் வேறு. அவ்வளவுதான் சோதனை! (அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகள் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 வரை ஆயிற்று. மாலுமியின் உயிர் மலிவு அல்லவா!)

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது என்ன நடந்தது? ஊசியால் பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள், "என் பிள்ளைக்குப் போடாதே" என்று மறித்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்ட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட பயத்துக்கு உலகம் முழுவதும் எண்ணெய் ஊற்றியது 1998ல் லண்டனில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் எழுதிய ஒரு கட்டுரை. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்ற குறைபாட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றார். அவர் பார்த்தது எத்தனை குழந்தைகளை? பன்னிரண்டே பன்னிரண்டு! ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பீடும் இல்லை. தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்கு நடத்துகிற தரப்பின் வக்கீலிடம் அவர் பணம் வாங்கியதும் பின்னால் வெளிப்பட்டது. 2010ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்கிக் கொண்டது. அவருடைய டாக்டர் பதிவும் ரத்தாயிற்று. 2019ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் விவரங்களை வைத்து, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. ஆறரை லட்சத்தை நம்புவதா, பன்னிரண்டை நம்புவதா? இதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

வெல்லம் தின்றால் பஞ்சு இறங்குமா?

மில் தொழிலாளர்களுக்கு ஒரு கேள்வி. "வெல்லம் தின்றால் நெஞ்சில் சேர்ந்த பஞ்சுத் தூசி இறங்கிவிடும், வாழைப்பழம் தின்றால் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! தலைமுறை தலைமுறையாக மில் வாசலில் சொல்லி வருகிற விஷயம்.

இதை அந்த வகுப்பில் வைத்து அலசினால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பையனே சொல்லுவான்: சாப்பாடு போகிற குழாய் வேறு, மூச்சுப் போகிற குழாய் வேறு. வெல்லம் வயிற்றுக்குப் போகிறது. தூசி நுரையீரலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கும்? புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு வார லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதே, அது பஞ்சு நோயின் ஆரம்ப அடையாளம். 'பிசினோசிஸ்' என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டத்தின் அட்டவணையிலேயே கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. அதைத் தடுக்கத் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் மெஷின் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும். வெல்லக் கட்டிக்கு? சில்லறைக் காசு!

இங்கே இரண்டாவது கேள்வி பிறக்கிறது: "நான் இதை நம்பினால் யாருக்கு லாபம்?" வெல்லத்தை நம்புகிற தொழிலாளி தூசி மெஷினைக் கேட்க மாட்டான். முதலாளி உட்கார்ந்து இந்த நம்பிக்கையை உண்டாக்கினார் என்று நான் சொல்லவில்லை. அது ஜனங்களிடையே தானாக வளர்ந்ததாகவே இருக்கட்டும். ஆனால் அது யாருடைய பணப்பெட்டியைக் காப்பாற்றுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டாமா?

இந்தக் கேள்வியையும் கண்மூடித்தனமாகப் பிடித்துக் கொள்ளக் கூடாது. பாம்புக்கடி ஊசி விற்கிற கம்பெனிக்கும் லாபம் உண்டு. அதற்காக ஊசி பொய்யாகிவிடுமா? லாபம் இருக்கிற இடத்தில் கூடுதலாக விசாரி என்பதுதான் இதன் பொருள்.

விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சர்க்கரை வியாதியை அடியோடு ஒழிக்கிறேன், புற்றுநோயைப் போக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே சட்டம் போட்டார்கள். 54 நோய்களின் பெயரை எழுதி, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்றார்கள். எழுபது வருஷம் கழித்து 2024ல், ஒரு பெரிய ஆயுர்வேதக் கம்பெனியைச் சுப்ரீம் கோர்ட் கண்டித்துப் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட வைத்தது. அப்படியானால் சட்டப் புத்தகம் இத்தனை காலம் என்ன செய்து கொண்டிருந்தது? தினக்கூலி வாங்குகிற குடும்பம் ஒரு மாதச் சம்பளத்தை லேகியத்தில் கொட்டிய பிறகு கோர்ட் தீர்ப்பு வந்து என்ன பிரயோஜனம்? வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பெண் பிள்ளை, "அப்பா, இது பலித்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் பணம் அன்றைக்கே மிச்சமாகும்.

சில ஆட்சேபணைகள்

"பிள்ளைகள் எதையும் நம்பாதவர்களாகி விடுவார்கள்" என்று சில ஆசிரியர்கள் என்னிடம் சொன்னார்கள். நியாயமான பயம். எல்லாவற்றையும் சந்தேகி என்று மட்டும் கற்றுக் கொடுத்தால், அந்தப் பையன் தடுப்பூசியையும் சந்தேகிப்பான், டாக்டரையும் சந்தேகிப்பான், கடைசியில் எவன் சத்தமாகப் பேசுகிறானோ அவன் பின்னால் போவான். பொய்யைத் தள்ளுவது பாதிப் பாடம். ஆதாரம் உள்ளதை ஏற்றுக் கொள்வது மறுபாதி. வகுப்பில் பொய்ச் செய்திகளோடு உண்மைச் செய்திகளையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

"அதுதான் சரிபார்க்க அரசாங்கமே இலாகா வைத்திருக்கிறதே" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். தமிழக அரசு 2023ல் தகவல் சரிபார்க்க ஒரு அமைப்பை உண்டாக்கியது வாஸ்தவம். இருக்கட்டும். ஆனால் சர்க்கார் முத்திரை குத்தினால் உண்மை, குத்தாவிட்டால் பொய் என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது கல்வி அல்ல. பஞ்சம் வந்த காலங்களில் "பஞ்சமே இல்லை" என்று சொன்ன சர்க்கார்களை இந்த நாடு பார்த்திருக்கிறது. யார் சொன்னாலும் ஆதாரத்தைக் கேள். ஏன், இந்தப் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது என்பதற்காகவும் நம்ப வேண்டாம். மேலே நான் கொடுத்திருக்கிற எண்களையும் வருஷங்களையும் உங்கள் பிள்ளையிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவே முதல் வகுப்பாக இருக்கட்டும்.

பெரியவர்களை மதிக்காமல் போய்விடுவார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபணை. பாட்டியிடம், "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று எகிறுகிற பிள்ளை அந்தப் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். "பாட்டி, ஆஸ்பத்திரியிலும் காட்டிவிடுவோமா?" என்று கேட்கத் தெரிய வேண்டும். பீகார் பிள்ளைகள் அப்படிப் பேசியிராவிட்டால் பெற்றோர்கள் மாறியிருப்பார்களா?

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் கண்ணூர் ஜில்லாக் கலெக்டர் 2018ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வகுப்புகளை ஆரம்பித்தார். அங்கேயும் தடுப்பூசி வதந்திதான் தூண்டுதல். 2024ல் அந்த மாநிலத்தின் ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகங்களிலேயே இதைச் சேர்த்தார்கள்.

அதிலும் எனக்கு ஒரு கருத்து வேற்றுமை உண்டு. இது கம்ப்யூட்டர் வாத்தியாருடைய பாடம் மட்டும் அல்ல. பாம்புக்கடியை உயிரியல் வாத்தியார் எடுக்க வேண்டும். பன்னிரண்டையும் ஆறரை லட்சத்தையும் கணக்கு வாத்தியார் எடுக்க வேண்டும். அசோகரின் கல்வெட்டைச் சரித்திர வாத்தியார் எடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஏற்கனவே சர்வே வேலை, எலெக்ஷன் வேலை என்று தலைக்கு மேல் சுமை. ஆகவே சர்க்கார் அவர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் நேரமும் கொடுத்துத்தான் இதைக் கேட்க வேண்டும். சும்மா ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடக்காது.

தனியார் பள்ளிகள் இதை இங்கிலீஷில் ஒரு நாகரிகப் பேர் வைத்துத் தனிக் கட்டணம் வாங்கிக் கொண்டு நடத்த ஆரம்பித்து விடும். நம் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில். அங்கே வருவதற்கு யாராவது கேட்டாக வேண்டும். யார் கேட்பது?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தியது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிற குழுவாகப் பல ஊர்களில் அதை வைத்திருக்கிறார்கள். நடவுக்குப் போகிற தாய்மாரும், ஸ்பின்னிங்கில் நிற்கிற தகப்பன்மாரும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பகல் 11 மணிக்கு வைத்தால் கூலி போகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையிலோ, பகல் ஷிப்ட் முடிந்த பிறகோ வைக்கச் சொல்லுங்கள். "வாரம் ஒரு பீரியட் இந்தப் பாடத்துக்கு ஒதுக்க வேண்டும்" என்று தீர்மானம் எழுதி, மினிட் புத்தகத்தில் ஏற்றி, நகலைக் கல்வி அதிகாரிக்கு அனுப்புங்கள். அதுவரைக்கும் நம் படிப்பகங்களும் யூனியன் ஆபீசுகளும் பூட்டியா கிடக்கின்றன? சனிக்கிழமை மாலைகளில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை அங்கே உட்கார வைத்து, அந்த வாரம் செல்போனில் வந்த மூன்று செய்திகளை எடுத்துப் போட்டு, "யார் சொன்னது? எப்படித் தெரியும்?" என்று ஆரம்பிக்கலாம். பெஞ்சு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம். முதலில் எடுப்பது வெல்லக் கட்டிதான்.